அகழிக்குள் விழும் புள்ளி: வேலூர்க் கோட்டைப் புதிர் குறித்து

வணக்கம் நண்பரே. வேலூர்க் கோட்டையைக் கட்டியதாகக் கதைகள் சொல்லும் பொம்மி ரெட்டியின் புதையல் கதையை வைத்து அமைந்த ஜியோகேச்சிங் (ஜி.பி.எஸ். ஆயங்களைக் கொண்டு, ஒளித்து வைத்த பெட்டியைத் தேடும் விளையாட்டு) புதிரில், ‘சாமி எந்த ஆண்டில் திரும்பினார்? கடைசி இலக்கமே ஆ’ என்னும் குறிப்புக்குச் சுழியம் இட்டதால் இறுதிப் புள்ளி அகழித் தண்ணீருக்குள் விழுகிறது என்று எழுதியிருந்தீர்கள். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலைப் பற்றிய ‘கோயில் உண்டு, சாமி இல்லை’ என்ற பழைய சொலவடையை நம்பி, சாமி திரும்பவே இல்லை என்று கொண்டே அவ்வாறு இட்டிருக்கிறீர்கள் என்று கருதுகிறேன். அந்தச் சொலவடை ஒரு காலத்தில் உண்மைதான்; ஆனால் வேலூரை ஒட்டிய சத்துவாச்சாரியில் வைத்திருந்த சிவலிங்கம் 1981இல் அக்கோயிலுக்குக் கொண்டுவரப்பட்டு, வழிபாடு மீண்டும் தொடங்கிவிட்டது. ஆகவே ஆ என்பது 1.

நீங்கள் தந்த வாய்பாட்டில் ஆ, நெடுக்கக்கோட்டு (தீர்க்கரேகை) நிமிடத்தில் புள்ளிக்குப் பின் இரண்டாம் இலக்கமாக வருகிறது. வேலூரின் அகலாங்கில் (அட்சரேகை) அந்த இடத்தில் ஒன்று கூடினால் புள்ளி கிழக்கே ஏறத்தாழ 18 மீட்டர் நகரும். கிழக்கு அகழியின் வெளி விளிம்பை ஒட்டித்தான் உங்கள் புள்ளி விழுகிறது என்பதால், கரையேற அது போதும்.

ஒரு வேண்டுகோள்: எங்கும் தோண்டாதீர்கள். இவ்விளையாட்டின் விதிப்படி பொதுவாகப் பெட்டியை மண்ணில் புதைப்பதில்லை. கோட்டையோ தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம், அதன் சுவரில் ஒரு கல்லைக்கூட அசைக்கக் கூடாது. புதிய புள்ளியும் அகழிக்குள்ளேயே விழுந்தால், தேடாமல் முதலில் புதிரை அமைத்தவருக்கு எழுதுங்கள்.