மலேசியன் சால்: நிலைக்குச் சரி, கதவுக்கு?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் வீடு கட்டுகிறோம். தேக்கு எதற்கு, நிலை, கதவு இரண்டுக்குமே மலேசியன் சால் போட்டுவிடலாம் என்கிறார் ஆசாரி. நம்பிப் போடலாமா?

பதில்: நிலைக்குத் தாராளமாகப் போடலாம். கதவுக்கு வேண்டாம்.

மலேசியன் சால் என்பது மரவாடிக்காரர்கள் வைத்த பெயர். அதைக் கேட்டு வாங்கினால் கிடைக்க வேண்டியது மலேசிய, இந்தோனேசிய மழைக்காடுகளில் வளரும் பலாவ் (Balau) மரம். வட இந்தியச் சால் மரத்துக்கு நெருங்கிய சொந்தம். நம் மலைகளில் வளரும் கோங்கும் அதே குடும்பம்தான். ஆனால் அந்தப் பெயரிலேயே காப்பூர், கெருயிங், கெம்பாஸ் என்ற வேறு மரங்களும் விலைபோகின்றன. சில கடைகளில் லேசான மெராந்தியைக்கூடத் தள்ளிவிடுவார்கள்.  

முதலில் எடை பாருங்கள். 5-க்கு 3 அங்குலத்தில் 7 அடிக் கட்டை என்றால் 5 × 3 × 7 ÷ 144, அதாவது ஏறக்குறைய 0.73 கன அடி. காய்ந்த பலாவ் என்றால் 17, 18 கிலோவுக்குக் குறையாது. லேசான சிவப்பு மெராந்தி 11, 12 கிலோவிலேயே நின்றுவிடும். ஈரக்கட்டை இந்தக் கணக்கை ஏமாற்றும் என்பதால் ஈரமானி இல்லாமல் எடையை மட்டும் நம்ப வேண்டாம். 15 சதவீதத்துக்கு மேல் காட்டினால் நிலை அடிக்கக் கொடுக்காதீர்கள். நிழலில், இடையிடையே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து அடுக்கிக் காயவிடுங்கள். மூன்று அங்குலக் கனம் காய மாதக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டால் மார்ச், ஏப்ரல் வறட்சியில் மூலை இணைப்பு வாய் பிளக்கும். இந்த ஊரில் வரும் புகார்கள் பலவற்றுக்குக் காரணம் மரத்தின் குறையல்ல, இந்த அவசரம்தான்.

அடுத்து, கட்டையின் முனையில் உள்ள வெட்டுமுகத்தை உளியால் சுத்தமாகச் சீவச் சொல்லி, லென்ஸ் வைத்துப் பாருங்கள். வளைந்து ஓடும் மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் அவை பிசின் குழாய்கள். பலாவ் மரத்திலும் மெராந்தியிலும் இவை உண்டு, கெம்பாஸில் கிடையாது. புதிதாக அறுத்ததும் கற்பூர வாசனை வந்தால் காப்பூர். கெருயிங்கில் வெயில் பட்டால் பிசின் கசியும், மேற்கு பார்த்த வாசலுக்கு ஆகவே ஆகாது. சந்தேகம் தீரவில்லையென்றால் மல்லேஸ்வரம் 18-வது கிராஸில் உள்ள மத்திய அரசின் மர ஆராய்ச்சி நிறுவனத்தில் சிறு துண்டைக் கொடுத்து என்ன மரம் என்று கேட்டுக்கொள்ளலாம்.

எந்த மரமானாலும் ஓரத்தில் வெளிறிய பகுதி இருந்தால் ஒதுக்குங்கள். வைரம் (மரத்தின் நடுவே உள்ள முற்றிய பகுதி) மட்டும்தான் கரையானைத் தாங்கும். வெளிறிய பகுதியைப் பூச்சி துளைக்கும். சுவரை ஒட்டும் பக்கத்துக்குத் தார் பூசச் சொல்லுங்கள்.

கதவுக்கு ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், பலாவ் கனம் அதிகம், கீல் இழுத்துத் தொங்கும். பருவத்துக்குப் பருவம் தேக்கைவிட அதிகமாகச் சுருங்கி விரியும், அகலப் பலகை கோணும். முன்வாசல் கதவுக்குத் தேக்கு, உள் அறைகளுக்கு ஃப்ளஷ் டோர் என்று முடித்துக்கொள்ளுங்கள். நிலையில் ஸ்க்ரூ போடும்முன் துளையிடச் சொல்லுங்கள், நேரே அடித்தால் கட்டை வெடிக்கும். பில்லில் ‘மலேசியன் சால்’ என்று மட்டும் எழுதாமல் பலாவ் என்று எழுதி வாங்குங்கள். கடைக்காரர் தயங்கினால் அடுத்த வாடிக்குப் போங்கள்.