நெருக்கடியில் அடிப்பவரை எண்களால் அடையாளம் காண முடியுமா?

கேள்வி: எங்கள் ஃபேண்டஸி பேஸ்பால் லீக்கில் (நிஜ ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களின் எண்களை வைத்துப் போட்டியிடும் விளையாட்டு) இரண்டு பேட்டர்களில் ஒருவரை நான் எடுக்க வேண்டும். சென்ற பருவத்தில் இருவரின் மொத்தச் சராசரியும் (அடிக்கக் கிடைத்த வாய்ப்புகளில் ஹிட் ஆனவற்றின் பங்கு) 0.270. ஆனால் இரண்டாவது அல்லது மூன்றாவது பேஸில் ரன்னர் இருந்தபோது, அதாவது ஒரு ஹிட் விழுந்தால் ரன் வரக்கூடிய நிலையில், ஒருவர் 0.330 அடித்திருக்கிறார், மற்றவர் 0.240தான். முதலாமவர் 'கிளட்ச்' ஆட்டக்காரர் (நெருக்கடியில் வழக்கத்தைவிட நன்றாக அடிப்பவர்) என்று நம்பி எடுக்கலாமா?

பதில்: அந்த 0.330-ஐ மட்டும் நம்பி எடுக்காதீர்கள். அது எத்தனை வாய்ப்புகளில் வந்தது என்று முதலில் பாருங்கள். முழுப் பருவமும் ஆடும் பேட்டருக்குக்கூட ரன்னர் அப்படி நிற்கும் நிலையில் 150 வாய்ப்புகள் கிடைத்தாலே அதிகம். 0.270 திறமையுள்ள ஒருவருக்கு 150 வாய்ப்புகள் கொடுத்தால், அதிர்ஷ்டம் மட்டுமே அவருடைய சராசரியை 0.036 அளவுக்குச் சர்வசாதாரணமாக ஏற்றி இறக்கும். இருபதில் ஒருவர் 0.198-க்குக் கீழேயோ 0.342-க்கு மேலேயோ போய்விடுவார். வட அமெரிக்காவின் முதன்மை லீக்கான மேஜர் லீக்கில் 30 அணிகள். அவற்றின் முக்கிய பேட்டர்கள் எல்லோருமே 0.270 திறமைதான் என்று வைத்துக்கொண்டாலும், ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பேராவது 0.330-ஐத் தொட்டிருப்பார்கள். உங்கள் ஆட்டக்காரர் அந்தப் பத்தில் ஒருவராக இருக்கலாம்.

2013-ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு நடந்ததைப் பாருங்கள். அந்த அணியின் மொத்தச் சராசரி 0.269. ஆனால் ரன்னர் இரண்டாவது, மூன்றாவது பேஸில் இருந்தபோது 0.330. ஒரு அணி முழுவதும் சேர்ந்து இப்படி அடிப்பது அபூர்வம். அந்த அணியின் ஆலன் கிரெய்க் அந்த நிலையில் 0.454 அடித்தார். அந்த ஆண்டு அவர்கள் 783 ரன்கள் எடுத்து, மேஜர் லீக்கின் இறுதிச் சுற்றான உலகத் தொடர் வரை போனார்கள். நெருக்கடியில் பதறாத அணி என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். அடுத்த ஆண்டு பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்கள்தான், ஆனால் ரன்கள் 619 ஆகச் சுருங்கின. கிரெய்கின் மொத்தச் சராசரியே 0.215 ஆனது, ஜூலையில் பாஸ்டனுக்கு அனுப்பப்பட்டார். அவருக்கு 2013 செப்டம்பரில் பாதத்தில் காயம்பட்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும், அவர் சரிவுக்கு அதிர்ஷ்டம் மட்டும் காரணமல்ல. ஆனால் அணி முழுவதும் ஒரே குளிர்காலத்தில் நெஞ்சுறுதியை இழந்துவிட்டது என்று யாரால் சொல்ல முடியும்?

இந்த ஐயம் புதிதல்ல. 1969, 1970 பருவங்களை ஒப்பிட்டு பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் டிக் கிரேமர் 1977-ல் ஒரு கட்டுரை எழுதினார். முதல் ஆண்டு நெருக்கடியில் ஜொலித்தவர்கள் மறு ஆண்டும் ஜொலிக்கவில்லை என்று காட்டினார். அதே துறையில் புகழ்பெற்ற பில் ஜேம்ஸ் 2004-ல் நியாயமான ஒரு மறுப்பை வைத்தார்: இவ்வளவு இரைச்சலான (தற்செயல் ஏற்ற இறக்கம் நிறைந்த) தரவில் திறமை இருந்தாலும் நம் கண்ணில் படாது, ஆகவே 'இல்லை' என்று அடித்துச் சொல்ல முடியாது. நானும் ஜேம்ஸ் பக்கம்தான். அப்படி ஒரு திறமை இருக்கலாம். ஆனால் ஒரு பருவத்தின் எண்ணை வைத்து அது யாரிடம் இருக்கிறது என்று உங்களாலும் என்னாலும் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு பொறி: ரன்னர் இருக்கும்போது லீக்கின் சராசரியே கொஞ்சம் உயரும். மூன்றாவது பேஸ் ரன்னரை உள்ளே கொண்டுவரும் சாக்ரிஃபைஸ் ஃப்ளை அவுட் (பேட்டர் கேட்சில் அவுட்டானாலும் ரன்னர் ஓடி ரன் எடுப்பது), சராசரிக் கணக்கில் சேராது. தடுமாறும் பிட்சர்களிடம்தான் (பந்தெறிபவர்கள்) ரன்னர்கள் அதிகம் சேர்வார்கள் என்பதும் உண்டு. எனவே மொத்தச் சராசரி 0.270 உள்ளவர் அப்போது 0.280 அடித்தால், நெருக்கடியில் உயர்ந்தார் என்று சொல்லிவிட முடியாது.

ரன்னர் எங்கே நிற்கிறார் என்பதைவிட நல்ல அளவுகோல் புள்ளிவிவர ஆய்வாளர் டாம் டேங்கோ உருவாக்கிய லெவரேஜ் இண்டெக்ஸ். ஒரு தருணம் ஆட்டத்தின் முடிவை எவ்வளவு மாற்றக்கூடும் என்பதை அது அளக்கிறது. சராசரித் தருணத்துக்கு 1. ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட், ஒரு ரன் பின்தங்கல், மூன்று பேஸிலும் ரன்னர் என்றால் 10-ஐத் தாண்டும். ஃபேன்கிராஃப்ஸ் என்ற பேஸ்பால் புள்ளிவிவரத் தளத்தின் 'கிளட்ச்' எண் இதை வைத்துத்தான் ஒருவரை அவருடைய வழக்கமான ஆட்டத்தோடு ஒப்பிடுகிறது. நடந்ததைச் சொல்ல அருமையான எண் அது. நடக்கப்போவதைச் சொல்ல உதவாது.

நீண்ட கால எண்கள் கிடைத்தால் கதை தெளிவாகும். 'கேப்டன் கிளட்ச்' என்று பெயரெடுத்த நியூயார்க் யாங்கீஸ் ஆட்டக்காரர் டெரெக் ஜீட்டர் வழக்கமான ஆட்டங்களில் 0.310, பருவம் முடிந்து நடக்கும் பிளேஆஃபில் 158 ஆட்டங்களில் 200 ஹிட்களோடு 0.308. அவர் நெருக்கடியில் வேறு ஆளாக மாறவில்லை. லீக்கின் சிறந்த பிட்சர்களை எதிர்கொண்டும் அவராகவே இருந்தார். எனக்கு அதுதான் பெரிய சாதனை.

உங்கள் தேர்வுக்கு வருவோம். மூன்று ஆண்டுகளின் மொத்த ஆட்டத்தைப் பாருங்கள்: ஆன்-பேஸ் விகிதம் (எவ்வளவு அடிக்கடி பேஸ் ஏறுகிறார்), ஹோம் ரன் வலு, ஸ்டிரைக்-அவுட். பிறகு அவர் வரிசையில் எத்தனையாவது இறங்குகிறார், அவருக்கு முன்னே ஆடுபவர்கள் அடிக்கடி பேஸ் ஏறுகிறவர்களா என்று பாருங்கள். ஆர்.பி.ஐ. (அவர் ஆட்டத்தால் அணிக்கு வரும் ரன்கள்) குவிவது பெரும்பாலும் இதனால்தான். 0.240 அடித்தவர் நல்ல அணியில் நான்காவதாக இறங்குகிறார், மற்றவர் பலவீனமான அணியில் ஏழாவதாக இறங்குகிறார் என்றால் நான் யோசிக்காமல் அந்த 0.240-க்காரரை எடுப்பேன். இவையெல்லாம் சமமாக இருந்தால் மட்டும் 0.330-க்காரரை எடுங்கள்.