மரம் செதுக்கும் கார்பன் எஃகுக் கத்தியை வீட்டில் கூர்தீட்டுவது எப்படி?

சாணைக்கல்லில் தீட்டிய பிறகும் கத்தி மரத்தைச் சீவாமல் பிய்க்கிறதே, தோலிலும் தீட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் வேண்டும், ஆனால் கோளாறு பெரும்பாலும் அதற்கு முந்தைய படியிலேயே இருக்கும்.

அலகின் சரிவுப் பரப்பு முழுவதும் கல்லில் படியுமாறு வைத்து, 1000 கிரிட் (கல்லின் நுண்மையைக் குறிக்கும் எண்; எண் கூடக் கூட கல் நுண்மையாகும்) கல்லில் அடியிலிருந்து நுனிவரை ஒரே கோணத்தில் தீட்டுங்கள். மறுபக்கத்தில் விரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி மெல்லத் தடவினால் நூலிழை போன்ற பிசிர் தட்டுப்படும். அது அலகின் முழு நீளத்துக்கும் எழும்பாதவரை பக்கத்தை மாற்றக் கூடாது. பலர் பொறுமையிழப்பது இங்கேதான். மறுபக்கத்தையும் அவ்வாறே தீட்டியபின் 4000 அல்லது 6000 கிரிட் கல்லுக்குச் செல்லலாம்.

பின்னர், கட்டையில் ஒட்டிய தோலில் குரோமியம் ஆக்சைடு கலந்த பச்சைப் பசையைத் தேய்த்து, கத்தியின் முதுகு முன்செல்ல, விளிம்பு பின்தொடருமாறு இழுங்கள். அழுத்தினால் தோல் அமுங்கி எழும்பி விளிம்பையே மழுங்கடித்துவிடும் என்பதால், கத்தியின் எடையோடு சற்றே கூடுதலான அழுத்தம் போதும்.

மென்மரத்தை நாருக்குக் குறுக்கே சீவிப் பாருங்கள்: வெட்டுமுகம் பளபளத்தால் கூர் சரி, வெண்கோடு தெரிந்தால் விளிம்பில் எங்கோ பல் விழுந்திருக்கிறது.

மின்சாணையை நான் பரிந்துரைப்பதில்லை; சூட்டில் அலகு நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போய்விடும். கார்பன் எஃகு எளிதில் துருப்பிடிக்கும் என்பதால், ஈரத்தை உடனே துடைத்து எண்ணெய் தடவி வையுங்கள்.