வி-கிராஸ் மாதிரி பிக்கப்பில் கேம்பர் டிரெய்லரைக் கட்டி இழுக்கலாமா?

கேள்வி கேட்டவர் காரைக்குடிக்காரர். இசுசு வி-கிராஸ் வைத்திருக்கிறார். காலியாகவே 900 கிலோ வரும் கேம்பர் டிரெய்லர் (படுக்கை, சமையல் மேடையோடு வண்டிக்குப் பின்னால் கட்டி இழுப்பது) ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். வண்டி தாங்குமா, குடும்பத்தோடு ராமேஸ்வரம், கொடைக்கானல் போய்வர முடியுமா என்கிறார். நான் பள்ளத்தூர். இதே மாதிரி ஜோடி எங்கள் வீட்டிலும் நிற்பதால் எழுதுகிறேன்.

இழுக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். 1.9 லிட்டர் டீசல், 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுக்க உதவும் முறுக்குவிசை). டொயோட்டாவின் ஹைலக்ஸ் பிக்கப், அதிலும் ஆட்டோமேட்டிக் என்றால் டார்க் 500. ஒரு டன் சாமானை நகர்த்த இது தாராளம். ஆனால் பின்னால் ஒரு டன் தள்ளிக்கொண்டு வரும்போது நடுரோட்டில் ஒரு ஆடு குறுக்கே வந்தால் வண்டி எங்கே போய் நிற்கும் என்பதை யாரும் கேட்பதில்லை. டிரெய்லருக்குத் தனி பிரேக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 750 கிலோவுக்கு மேல் போனால் தனி பிரேக் கட்டாயம் என்று பல நாடுகளில் சட்டமே இருக்கிறது. நீங்கள் பார்த்த டிரெய்லர் காலியாகவே அதைத் தாண்டிவிட்டது. ஓவர்ரன் பிரேக் இருந்தாலும் போதும். முன் வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் கொக்கியைத் தள்ளும், அந்தத் தள்ளலே அதன் பிரேக்கைப் பிடித்துவிடும். பிரேக் இல்லாவிட்டால் என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்தது எடை. விற்பவர் சொல்லும் 900 உங்களுக்கு உதவாது. 80 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் அதுவே 80 கிலோ. அப்புறம் சிலிண்டர், மெத்தை, பாத்திரம். நம் வீடுகளில் சீப்புச் சீடையும் மாவுருண்டையும் டின் டின்னாக ஏறாமல் யாரும் வாசற்படி இறங்குவதில்லை. இதெல்லாம் எங்கே போய் உட்காருகிறது என்பதுதான் விஷயம். பெரும்பாலான கேம்பர்களில் சமையல் மேடை வால் பக்கம் இருக்கும். எங்கள் ஆத்தா அரிசி, எண்ணெய், வெண்கலப் பானை எல்லாவற்றையும் அங்கேதான் அடுக்குவார். வால் கனத்தால் டிரெய்லரின் முன்முனை, அதாவது மூக்கு, தூக்கும். மூக்கு தூக்கினால் வேகத்தில் டிரெய்லர் இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும்.

டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து 15 சதவீதம் வரை கொக்கியின் மேல் அழுத்த வேண்டும், இதுதான் மூக்கு எடை. அளப்பது சுலபம். சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு ஒரு எடை மேடைக்குப் போங்கள். பிக்கப்பில் மாட்டியபடியே டிரெய்லர் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு சீட்டு, கழற்றி டிரெய்லரை முழுசாக ஏற்றி இன்னொரு சீட்டு. முதலில் 1,030, பிறகு 1,150 என்று வந்தால் மூக்கு எடை 120 கிலோ, சரியான அளவு. 40, 50 என்று வந்தால் அரிசி மூட்டையை அச்சுக்கு முன்னால் நகர்த்துங்கள். இந்த 120 கிலோவும் பிக்கப்பின் சுமைக் கணக்கில்தான் சேரும், அதை மறந்துவிட்டுப் பின்பெட்டியையும் நிரப்பாதீர்கள். கொக்கி பம்பரில் அல்ல, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் மாட்டியதாக இருக்கட்டும். உங்கள் வண்டிக்கு எத்தனை கிலோ வரை அனுமதி என்பதை ஓனர் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேவகோட்டை, ராமநாதபுரம் வழியாக ராமேஸ்வரம் போவது சமதளம், பிரச்சினை இல்லை. பாம்பன் பாலத்தில் மட்டும் கவனம். கடல் காற்று பக்கவாட்டில் அடிக்கும், டிரெய்லரின் உடம்பு பாய்மரம் போல அதை வாங்கும். அங்கே 40க்கு மேல் நான் போவதில்லை. ஆட்டம் கண்டால் பதறி பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டவும் வேண்டாம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு நேராகப் பிடியுங்கள், தானாக அடங்கும். தனுஷ்கோடி மணலில் ஃபோர் வீல் டிரைவ் போட்டால், தார் ரோடு ஏறியதும் எடுத்துவிடுங்கள். முன், பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் நடு டிஃபரென்ஷியல் இந்த வண்டிகளில் கிடையாது, காய்ந்த தாரில் திருப்பும்போது இறுக்கும்.

கிளம்பி அரை மணி நேரத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தி டிரெய்லர் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங்கில் கிரீஸ் இல்லை, அல்லது பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம்மூர் சித்திரை வெயிலில் இதைப் பார்க்காமல் போகாதீர்கள்.

ரிவர்ஸ் எடுப்பது பழகப் பழகத்தான் வரும். ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் இடப்பக்கம் போகும். இதில் நாம் கொடுத்துவைத்தவர்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர் தெருக்கள் கோடு போட்டதுபோல நேராக வெட்டிக்கொள்வதால், தவறான தெருவில் நுழைந்தாலும் ஒரு சுற்று சுற்றி வந்துவிடலாம்.

சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான், தனிப் பதிவு வேண்டும். ஆர்சி இல்லாததை வாங்காதீர்கள். ஓடும்போது அதற்குள் யாரையும் உட்கார விடாதீர்கள், பிள்ளைகள் கெஞ்சத்தான் செய்வார்கள்.

கொடைக்கானல் ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை. ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்கினால் பாதியில் தீய்ந்த வாடை வரும். முதல் பயணத்துக்கு மலை வேண்டாம், ராமேஸ்வரம் போய்வாருங்கள். கொல்லிமலை ஆசை இருந்தால், 70 கொண்டை ஊசி வளைவு, டிரெய்லரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.