மாவட்டத்துக்குக் கனமழை எச்சரிக்கை வந்தும் எங்கள் ஊரில் தூறல்கூட இல்லை, ஏன்?

அந்த எச்சரிக்கை உங்கள் ஊருக்கென்று தனியாக விடப்பட்டதல்ல. சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் "ஓரிரு இடங்களில்" என்று இருந்தால், அப்பகுதியின் மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மட்டுமே மழை பதிவாகலாம் என்று பொருள். மீதி முக்கால்வாசி இடம் காய்ந்து கிடந்தாலும் முன்னறிவிப்பு தவறியதாகாது. செய்திகளில் இந்த இரண்டு சொற்கள்தான் முதலில் காணாமல் போகின்றன. மூல அறிக்கையையே படியுங்கள்.

கனமழை என்பதற்கும் வரையறை உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தொட்டால் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.5 முதல் அதிகனமழை. அந்த 24 மணி நேரம் காலை 8.30க்கு முடியும். 14ஆம் தேதி இரவு கொட்டியது 15ஆம் தேதிக் கணக்கில்தான் வரும். வீட்டில் மழைமானி வைத்து நள்ளிரவுக்கு நள்ளிரவு அளப்பவர்களுக்கு எண்கள் பொருந்தாமல் போவது இதனால்தான்.

விவசாய வேலைக்குச் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வரும் வேளாண் வானிலை அறிவுரைதான் கூடுதலாகப் பயன்படும். மேகதூத் செயலியில் மாவட்டவாரியாக, தமிழிலேயே கிடைக்கிறது. அடுத்த ஐந்து நாள் மழை, வெப்பம், ஈரப்பதம், காற்று ஆகியவற்றோடு பயிர் ஆலோசனையும் இருக்கும். மருந்து தெளிப்பதானால் மழையோடு காற்றின் வேகத்தையும் பாருங்கள். பலத்த காற்றில் மருந்து பக்கத்து வயலுக்குப் போய்விடும்.

கோடையில் திடீரென உருவாகும் இடிமழை எந்த ஊரில் விழும் என்பதை ஐந்து நாள் முன்னறிவிப்பு காட்டாது. அன்றைக்கு மூன்று மணி நேர உடனடி முன்னறிவிப்பையும் ரேடார் படத்தையும்தான் பார்க்க வேண்டும்.