இது நோயா, மருந்தின் வேலையா? வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவர்களின் பதில்

மனச்சிதைவு, பைபோலார் போன்ற நோய்களுக்குக் கொடுக்கும் ஆன்டிசைக்கோடிக் மாத்திரைகள் பற்றி வந்த கடிதங்களில் ஆறுக்கு இங்கே பதில் சொல்கிறோம். எழுதியவர்கள் வெவ்வேறு ஊர்க்காரர்கள். ஆனால் அநேகமாக எல்லோருடைய தவிப்பும் ஒன்றுதான்: வீட்டில் இருப்பவரிடம் இப்போது தெரிகிற மாற்றம் நோயால் வந்ததா, மருந்தால் வந்ததா?

என் மகனுக்கு 23 வயது. காதில் குரல் கேட்கிறது என்றதால் ரிஸ்பெரிடோன் 4 மில்லிகிராம் கொடுத்தார்கள். பத்து நாளில் குரல் நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் ஓர் இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான். சாப்பாட்டின் நடுவிலேயே எழுந்து நடக்கிறான். இரவெல்லாம் ஹாலுக்கும் வாசலுக்கும் நடை. நோய் முற்றிவிட்டதா? மாத்திரையைக் கூட்டச் சொல்லட்டுமா?
– ஒரு தாய், திண்டுக்கல்

கூட்டச் சொல்லாதீர்கள் அம்மா. நீங்கள் எழுதியிருப்பது பெரும்பாலும் அகதீசியா என்ற பக்கவிளைவு. மருந்து தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் வரும். நோயின் கொந்தளிப்பு என்று இதைத் தவறாக எடுத்துக்கொண்டு மாத்திரையைக் கூட்டினால் அவஸ்தை இன்னும் அதிகமாகும். அதைப் பார்த்து மறுபடி கூட்டுவார்கள். இப்படித்தான் பல இளைஞர்கள் தேவைக்கு மேல் மருந்து சாப்பிடுகிறார்கள்.

பிரித்துப் பார்க்க அவனிடமே கேளுங்கள்: "ஏதாவது குரல் சொல்லி நடக்கிறாயா, இல்லை காலைச் சும்மா வைக்க முடியாமல் நடக்கிறாயா?" அகதீசியா என்றால், "உள்ளே ஏதோ பிடுங்குகிறது, நடந்தால் கொஞ்சம் தேவலை" என்கிற மாதிரி பதில் வரும். நிற்கும்போது எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றி மாற்றி நிற்பதும், உட்கார்ந்தால் தொடையை ஆட்டிக்கொண்டே இருப்பதும் அடையாளங்கள். எந்த நாளில் தொடங்கியது, மாத்திரை போட்டு எத்தனை மணி நேரத்தில் கூடுகிறது என்று ஒரு தாளில் குறித்து, அடுத்த தேதி வரை காத்திராமல் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், அல்லது புரோப்ரனலால் சேர்க்கலாம். மகனுக்கு ஆஸ்துமா இருந்தால் புரோப்ரனலால் ஆகாது. அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பேசிட்டேன் என்ற பெயரில் பலருக்கும் தெரிந்த ட்ரைஹெக்சிஃபெனிடில், கை நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் நன்றாகக் கேட்கும். இந்தத் தவிப்புக்கு அவ்வளவாகக் கேட்காது.

தாங்க முடியாத அகதீசியா தற்கொலை எண்ணம் வரை கொண்டுபோகும். "இப்படி இருப்பதற்குச் செத்துவிடலாம்" என்று ஒரு முறை சொன்னாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொள்வது, கண் மேலே சொருகிக்கொள்வது, நாக்கு தடித்துத் தாடை பூட்டிக்கொள்வது வேறு பக்கவிளைவு. இதற்கு டிஸ்டோனியா என்று பெயர். பெரும்பாலும் முதல் நான்கைந்து நாட்களில், அதிலும் ஹாலோபெரிடால் எடுக்கும் இளைஞர்களுக்கு வரும். பார்க்கப் பயமாக இருந்தாலும் புரோமெத்தசின் ஊசி போட்டால் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். மூச்சு விடவோ விழுங்கவோ சிரமம் என்றால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

அண்ணனுக்குப் பல மருந்தும் கேட்காமல் இப்போது க்ளோசபின் 300 மில்லிகிராம். வாரா வாரம் ரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள். மூன்று மாதமாக எல்லாம் நார்மல். இன்னும் எடுக்கத்தான் வேண்டுமா? பீடியை விடச் சொல்லி வற்புறுத்திக்கொண்டிருக்கிறோம். அதனால் ஏதாவது ஆகுமா?
– தம்பி, விருதுநகர்

எடுக்கத்தான் வேண்டும். க்ளோசபின் சிலருக்கு, நூறில் ஒருவருக்கும் குறைவாகவே, கிருமியை எதிர்க்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களை அடியோடு குறைத்துவிடும். 1975-ல் ஃபின்லாந்தில் இதனால் உயிர்கள் போயின. பல நாடுகளில் மருந்தையே ஒதுக்கிவைத்தார்கள். வேறு எதற்கும் கேட்காத மனச்சிதைவுக்கு இது கேட்கிறது என்று 1988-ல் வெளியான ஆய்வு காட்டிய பிறகு, ரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையோடு திரும்பி வந்தது. ஆபத்து அதிகம் முதல் 18 வாரங்களில். நீங்கள் இன்னும் அதற்குள்தான் இருக்கிறீர்கள்.

லேப் ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளை அணு எண்ணிக்கையும், நியூட்ரோஃபில் சதவீதமும் தனித்தனியாக இருக்கும். இரண்டையும் பெருக்கி நூறால் வகுங்கள். மொத்தம் 5200, நியூட்ரோஃபில் 48 சதவீதம் என்றால் 2496. பல நாடுகளில் பின்பற்றும் அளவுகோல்படி 2000-க்கு மேல் இருந்தால் தொடரலாம். 1500-க்கும் 2000-க்கும் இடையில் என்றால் வாரம் இரண்டு முறை பார்க்க வேண்டும். 1500-க்குக் கீழே போனால் அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள். அநேகமாக மருந்தை நிறுத்தச் சொல்வார். பரிசோதனைத் தேதி வராவிட்டாலும் காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் வந்தால் அதே நாளில் ரத்தம் பார்க்க வேண்டும். முதல் ஒன்றிரண்டு மாதங்களில் காய்ச்சலோடு நெஞ்சு வலி, மூச்சிரைப்பு, படபடப்பு சேர்ந்தால் இதயத் தசை அழற்சியாக இருக்கலாம். அதற்குக் காத்திருக்கவே கூடாது.

இனி பீடி. விடுவது நல்லது. ஆனால் மருத்துவருக்குத் தெரியாமல் விடக் கூடாது. புகையிலுள்ள சில பொருட்கள் கல்லீரலைத் தூண்டி, க்ளோசபினை வேகமாகச் சிதைக்க வைக்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறைந்து, அதே 300 மில்லிகிராமுக்கு ரத்தத்தில் மருந்தின் அளவு ஒரு வாரத்துக்குள் ஒன்றரை மடங்கு, சிலருக்கு அதற்கும் மேல் ஏறிவிடும். அளவுகடந்த தூக்கம், குளறல், தள்ளாட்டம், வலிப்பு வரை போகலாம். இதைச் செய்வது புகை, நிக்கோட்டின் அல்ல. அதனால் நிக்கோட்டின் சூயிங்கத்துக்கு மாறினாலும் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டி வரும். ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளில் பீடி தானாகவே நின்றுபோகிறது என்பதையும் மறக்க வேண்டாம். ஓலன்சபினுக்கும் இதே கதைதான், சற்றுக் குறைவாக.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும்: மலச்சிக்கல். எல்லோரும் ரத்த அணுவைப் பார்த்துப் பயப்படுகிறோம். ஆனால் க்ளோசபின் குடலின் அசைவையே மந்தமாக்கி, முற்றிலும் அடைத்துவிட்டால் அதுவும் உயிரை எடுக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் இந்த எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. அண்ணன் தானாகச் சொல்ல மாட்டார். "இன்று வெளிக்குப் போனீர்களா?" என்று தினமும் கேளுங்கள். இரண்டு நாள் போகாவிட்டால் மருத்துவருக்குச் சொல்லுங்கள். வயிறு உப்பி, வலித்து, வாந்தி வந்தால் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். வீட்டில் வழக்கமாகக் கரைத்துக் கொடுக்கும் இசப்கோல் இங்கே வேண்டாம். அசையாத குடலுக்குள் பருமனைக் கூட்டினால் அடைப்புதான் கூடும். குடலைத் தூண்டும் பிசகோடில், மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் போன்றவற்றை மருத்துவர் எழுதித் தருவார். பேசிட்டேனும் சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தால் மலச்சிக்கல் இரட்டிப்பாகும். அது இன்னும் தேவையா என்று கேளுங்கள்.

கடைசியாக: 48 மணி நேரத்துக்கு மேல் க்ளோசபின் விட்டுப்போனால் பழைய 300-ஐ மறுபடி கொடுக்கக் கூடாது. ரத்த அழுத்தம் திடீரென விழும். 12.5 மில்லிகிராமிலிருந்து மீண்டும் ஏற வேண்டும். ஊருக்குப் போகும்போது மாத்திரையை மறந்துவிட்டுப் போவது இந்த மருந்தில் சின்ன விஷயம் இல்லை.

தங்கை மாத்திரையே போட மாட்டேன் என்கிறாள். டீயில் கலந்து கொடுக்கச் சிலர் சொல்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், கும்பகோணம்

உங்கள் நிலைமை எவ்வளவு கடினம் என்று தெரியும். ஆனாலும் வேண்டாம். "சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள்" என்பது இந்த நோயில் அடிக்கடி வரும் சந்தேகம். ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டால் அந்தச் சந்தேகம் உண்மையாகிவிடும். பிறகு மருந்தையும் நம்ப மாட்டாள், உங்கள் கையால் சாப்பிடவும் மாட்டாள். கழுத்து இழுத்தாலோ உடம்பு விறைத்தாலோ தனக்கு என்ன ஆகிறது என்று அவளுக்கே தெரியாது. ரிஸ்பெரிடோன் திரவம் டீயோடும் கோலா பானங்களோடும் ஒத்துப்போகாது என்பது வேறு. ரத்தப் பரிசோதனையும் 48 மணி நேரக் கணக்கும் உள்ள க்ளோசபினை மறைத்துக் கொடுப்பதை நினைத்தே பார்க்கக் கூடாது.

ஏன் மறுக்கிறாள் என்று கேளுங்கள். பலர் மறுப்பது தூக்கமும் எடையும் தாங்காமல்தான். அதற்கு வழி இருக்கிறது. இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒரு முறை போடும் ஊசிகளும் உண்டு. தினமும் மாத்திரைக்காகச் சண்டை போடாமல் இருப்பதே பல வீடுகளில் பெரிய நிம்மதி. தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலை என்றால், 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சம்மதமில்லாமலும் சேர்த்துச் சிகிச்சை தர, 89-ஆம் பிரிவில் முறையான வழி வைத்திருக்கிறது. எங்கே தொடங்குவது என்று புரியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனாஸ் 14416 எண்ணில் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

ஓலன்சபின் 10 மில்லிகிராம் தொடங்கி ஆறு மாதத்தில் 9 கிலோ கூடிவிட்டேன். அதற்கு முன் ரிஸ்பெரிடோன் எடுத்தபோது மாதவிடாய் நின்றிருந்தது. நன்றாகத்தானே இருக்கிறேன், நிறுத்திவிடலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

இரண்டுமே மருந்தின் வேலைதான்; உங்கள் சோம்பேறித்தனம் இல்லை. ஓலன்சபின் பசியையே மாற்றிவிடும், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். மருந்து தொடங்கும்போதும், 4, 8, 12-வது வாரங்களிலும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் எடை பார்க்க வேண்டும். தொடக்கத்திலும் 12-வது வாரத்திலும் பிறகு ஆண்டுதோறும் வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்க்க வேண்டும். 100 முதல் 125 வரை எச்சரிக்கை, 126-ஐத் தொட்டால் இன்னொரு நாள் மறுபடி பார்த்து நீரிழிவை உறுதிசெய்வார்கள். இடுப்பைச் சுற்றி நாடா வைத்துப் பாருங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. தொடங்கிய எடையில் 5 சதவீதம் கூடியபோதே பேசியிருக்க வேண்டிய விஷயம் இது. இப்போதும் தாமதமில்லை. எடையை அவ்வளவாகக் கூட்டாத அரிபிப்ரசோல் போன்றதற்கு மெல்ல மாற்றலாம், அல்லது சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மின் சேர்க்கலாம்.

ரிஸ்பெரிடோனும் அமிசல்பிரைடும் புரோலாக்டின் ஹார்மோனை ஏற்றி மாதவிடாயை நிறுத்தும், சிலருக்கு மார்பில் பால் சுரக்கும். மருந்தை மாற்றியதும் கருத்தரிக்கும் வாய்ப்பும் திரும்பிவிடும். இதைப் பலருக்கு யாரும் சொல்வதில்லை. குழந்தை இப்போது வேண்டாம் என்றால் தடுப்பு முறை பற்றிக் கேளுங்கள். வேண்டும் என்றால் முன்கூட்டியே திட்டமிடுங்கள். கருவுற்றது தெரிந்தவுடன் பயந்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

நிறுத்துவது பற்றி: முதல் முறை வந்த நோய் என்றாலும், அறிகுறிகள் அடங்கிய பிறகு குறைந்தது ஒன்றிரண்டு ஆண்டு தொடர்வது வழக்கம். அதன் பிறகும் மாதக்கணக்கில் படிப்படியாகத்தான் குறைப்பார்கள். சட்டென நிறுத்தினால் முதல் வாரத்திலேயே தூக்கமின்மை, குமட்டல், வியர்வை வரும். நோய் திரும்புவது பல வாரம் கழித்து வருவதால், "நிறுத்தியும் ஒன்றும் ஆகவில்லையே" என்ற தைரியம் நடுவில் ஏமாற்றும். ஒரு வேளை மறந்துபோனால் அன்றைக்குள் ஞாபகம் வந்தபோது போடுங்கள். மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது.

76 வயது மாமியாருக்கு மறதி நோய். இரவில் கத்துகிறார் என்று க்வெட்டியாபின் கொடுத்திருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.
– மருமகள், நாகர்கோவில்

பயத்துக்குக் காரணம் உண்டு. மறதி நோயுள்ள முதியவர்களிடம் இந்த வகை மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்காவில் 2005 முதலே கறுப்புக்கட்ட எச்சரிக்கை, அதாவது மருந்துக்குத் தரும் மிகக் கடுமையான எச்சரிக்கை, இருக்கிறது. முதலில் மூத்திரத் தொற்று, மலச்சிக்கல், பல்வலி, மூட்டுவலி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சொல்லத் தெரியாத வலிதான் பல நேரம் கத்தலாக வருகிறது. மருந்து தேவைதான் என்றால் 12.5 மில்லிகிராம் போன்ற சின்ன அளவு போதும். ஆறு வாரத்துக்கு ஒரு முறை "இன்னும் வேண்டுமா?" என்று கேளுங்கள். இரவில் எழும்போது கட்டிலில் இரண்டு நிமிடம் உட்கார வைத்த பிறகே நிற்க வையுங்கள்.

கத்திரி வெயிலில் கணவருக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரையால் இருக்குமா? எப்போது பயப்பட வேண்டும்?
– வாசகி, வேலூர்

இந்த மருந்துகள் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் திறனைக் குறைக்கின்றன. பேசிட்டேன் வியர்வையையும் குறைக்கும். அதனால் மே மாதத்தில் மதிய வெயிலைத் தவிர்ப்பதும், நிறையத் தண்ணீர் குடிப்பதும் அவசியம். பைபோலாருக்குக் கொடுக்கும் லித்தியமும் அவர் எடுத்தால், நீர் வற்றுவது அதையும் விஷ அளவுக்கு ஏற்றிவிடும்.

காய்ச்சலோடு உடம்பு கட்டைபோல விறைத்து, வியர்த்துக் கொட்டி, மனம் குழம்பி, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறி இறங்கினால் அது நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம் என்ற அரிய, உயிருக்கே ஆபத்தான நிலையாக இருக்கலாம். மருந்து தொடங்கிய அல்லது கூட்டிய முதல் இரண்டு வாரங்களில் அதிகம். ஆனால் எப்போது வேண்டுமானாலும் வரலாம். வெயிலால் வரும் வெப்பத்தாக்கில் பொதுவாக உடம்பு இப்படி விறைக்காது. மருத்துவரைக் கேட்காமலே அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் நிறுத்த வேண்டிய நேரம் இதுதான். பாராசிட்டமால் கொடுத்துக் காலை வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அவசரப் பிரிவில் இருப்பவர்கள் மூளைக்காய்ச்சல் என்று நினைக்கக்கூடும். எனவே மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டுபோய், எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், கடைசியாக எப்போது கொடுத்தீர்கள், ஊசி ஏதும் போட்டிருக்கிறதா என்று சொல்லி, தசை சிதைவதைக் காட்டும் சிபிகே அளவை ரத்தத்தில் பார்க்கக் கேளுங்கள். அட்டையில் பெயரோடு "பிளஸ்" என்று இருந்தால் கீழே உள்ள சிறிய எழுத்தையும் காட்டுங்கள். ரிஸ்பெரிடோன் பிளஸ் என்றால் ட்ரைஹெக்சிஃபெனிடில் சேர்ந்திருக்கும், ஓலன்சபின் பிளஸ் என்றால் மன அழுத்தத்துக்கான ஃப்ளூவாக்சடின் சேர்ந்திருக்கலாம்.