கொழும்பு ‘பிளாட்டே’ படம் 1870ஐச் சேர்ந்ததா?

வணக்கம். நீங்கள் வாங்கிய பழைய புகைப்படம் 1870ஐச் சேர்ந்ததா, கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட அதன் மூலையை எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருந்தீர்கள். அட்டையில் கொழும்புப் புகைப்பட ஸ்டூடியோவான பிளாட்டேயின் பெயர் அச்சாகியிருந்தால், விற்றவர் சொன்ன 1870 பொருந்தவே பொருந்தாது. அந்த ஸ்டூடியோ தொடங்கியதே 1890இல்தான். நீங்கள் தந்த 11 x 16.5 செ.மீ. அளவு, தடித்த அட்டையில் ஒட்டித் தரப்பட்ட ‘கேபினட் அட்டை’ப் படத்துக்குரியது.

இனித் தாளைப் பாருங்கள். 10 மடங்கு லென்ஸில் வெளிறிய பகுதியில் காகித நார் தெரிந்து, வெள்ளை மஞ்சளித்திருந்தால் அது முட்டை வெண்கரு பூசிய ஆல்புமின் தாள். பெரும்பாலும் 1900க்கு முந்தியது. நார் மறைந்து, சாய்த்துப் பிடிக்கையில் கருமையான ஓரங்களில் நீலவெள்ளிப் பளபளப்பு தெரிந்தால் அது ஜெலட்டின் (விலங்குப் பசை) பூசிய தாள். அது 20ஆம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் புழங்கியது. ஆகவே உடை, பின்பக்க அச்சு இரண்டையும் சேர்த்தே ஆண்டை முடிவுசெய்யுங்கள்.

கண்ணாடியில் ஒட்டிய மூலையைத் தயவுசெய்து தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். ஜெலட்டின் ஊதி இளகி, முகமே கண்ணாடியோடு வந்துவிடும், அட்டையும் உப்பிவிடும். ஹேர் டிரையரும் வேண்டாம், சூட்டில் பூச்சு விரிசல் விடும். முதலில் கண்ணாடியோடேயே, இருபுறமும் 45 பாகையில் விளக்கு வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிரிக்கும் வேலை, பழைய புகைப்படங்களைச் சீர்செய்து காப்பதில் பயிற்சி பெற்ற நிபுணருக்கு உரியது. அதுவரை படத்தைக் கிடையாக, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள்.